காலில் விழுந்தால் கைதட்டுகிறார்கள், ஜோக்கர் என்ன செய்வது?

ஆறாவது மாடி:
நாங்கள் ஐந்து பேர். ஆற்றோரத்திலிருந்து ஓ.எம்.ஆர். பக்கம் கொண்டுவந்து குடிவைத்த எட்டு மாடி பிளாக்குகளில்தான் எங்கள் வீடுகள். ஞாயிறு சாயந்திரம் இரண்டு பிளாக்குக்கு நடுவே ஃபோரம் தியேட்டர் போடுகிறோம். கதை சின்னது. லிஃப்ட் ஓடி ஒரு மாதம் ஆகிறது. முட்டி தேய்ந்த பாட்டி, தரையில் சாக்பீஸால் வரைந்த படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கி அதிகாரியிடம் போகிறார். "எழுதிக் குடுங்க, பாக்கலாம்." பாட்டி திரும்புகிறார். அவ்வளவுதான். மறுபடி முதலிலிருந்து ஆடுவோம். கூட்டத்தில் யாருக்காவது வேறு வழி தோன்றினால் "நிறுத்து" என்று கத்திவிட்டுப் பாட்டியின் இடத்துக்கு வரலாம். நான் ஜோக்கர், நடுவில் நின்று கூட்டத்தோடு பேசுகிறவள்.

மூன்று வாரமாக ஓர் அக்கா வந்து நேரே அதிகாரி காலில் விழுகிறார். நடிக்கிற பையன் நெளிந்துபோய் "எழுந்திருங்க, நாளைக்கே ஆள் அனுப்பறேன்" என்றுவிடுகிறான். ஒரே விசில். எதிர்த்துப் பேசப் பழகத்தானே இந்த நாடகம்? தடுக்கலாமா? கேட்டால், "எம் பொண்ணுக்கு சீட்டு இப்படித்தாம்மா வாங்குனேன்" என்கிறார்.

வியாசர்பாடி பழசு:
தடுக்காதே பாப்பா. எண்பதுகளில் நாங்கள் பறையடித்துக் கூட்டம் சேர்த்து, நாங்களே கேள்வி கேட்டு நாங்களே பதிலும் சொல்லி, துண்டேந்திவிட்டுக் கிளம்பினவர்கள். ஒருத்தரையும் உள்ளே கூப்பிட்டதில்லை. இந்த ஃபோரம் தியேட்டரை உருவாக்கிய அகஸ்தோ போவாலும் முதலில் அப்படித்தான். பிரேசிலின் வடகிழக்கில் அவர் குழு நிலத்துக்காக ரத்தம் சிந்துவோம் என்று துப்பாக்கியோடு பாடியது. விர்ஜிலியோ என்ற விவசாயி, வாங்க, பண்ணையார் ஆட்களை விரட்டலாம் என்று நிஜமாகவே கூப்பிட்டுவிட்டார். இவர்கள் கையில் இருந்தது பொம்மைத் துப்பாக்கி. பரவாயில்லை, எங்களிடம் நிஜமானது இருக்கிறது என்றாராம். யாரும் போகவில்லை. அந்த வெட்கம்தான் போவாலை மாற்றியது. அந்த அக்கா தன் அனுபவத்தைக் கொண்டுவருகிறார். நீ உன் பாடத்தைக் கொண்டுவராதே.

பெரம்பூர் ரிகர்சல்:
தோழர், பிரச்சினை அக்காவிடம் இல்லை, உங்கள் அதிகாரியிடம். அதிகாரி இப்படி உருகினால் அது மந்திரம். போவால் முறையில் "இது நடக்குமா, மந்திரமா?" என்று கூட்டத்தைக் கேட்க வேண்டியது ஜோக்கர்தான். அதிகாரி தன் நாற்காலியை லேசில் விடக்கூடாது. அந்தப் பையனை ஒரு மாலை முழுக்க நீங்களே கெஞ்சிப் பழக்குங்கள். இன்னொன்று, அதிகாரிக்குப் பதிலாக யாரையும் வரவிடாதீர்கள். நல்ல அதிகாரியாக நடிப்பது ரொம்ப சுலபம்.

சும்மா படிப்பவன்:
இதனால் லிஃப்ட் ஓடுமா?

பெரம்பூர் ரிகர்சல்:
நாடகத்தால் மட்டும் ஓடாது. போவால் 1993 முதல் 1996 வரை ரியோ நகர்மன்ற உறுப்பினராக இருந்தார். இதே மாதிரி ஆட்டங்களில் மக்கள் சொன்னதை எழுதி எடுத்துப்போய் 13 சட்டங்கள் கொண்டுவந்தார். உங்கள் குழுவில் நோட்டும் பேனாவுமாக ஒருத்தர் உட்கார்கிறாரா?

ஆறாவது மாடி:
நோட்டு இல்லை. இந்த வாரம் வாங்கியாச்சு.

நேற்று ஆடினோம். பையன் இந்தத் தடவை அசையவில்லை, காலைப் பின்னால் இழுத்துக்கொண்டு போனில் பேச ஆரம்பித்தான். விசில் இல்லை. அக்கா தரையிலேயே கொஞ்ச நேரம் இருந்தார். எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. "மந்திரமா?" என்று கேட்கவே மறந்துபோனேன். அப்போது ஒன்பதாவது படிக்கிற ஒருத்தன் "நிறுத்து" என்றான். டீக்கடை பிளாஸ்டிக் சேரில் பாட்டியை உட்காரவைத்து, நாலு பேராகச் சாக்பீஸ் படி வழியே தூக்கிவந்து அதிகாரி மேசை முன்னால் வைத்தார்கள். ஒன்றும் பேசவில்லை, சுற்றி நின்றார்கள். ஐந்தாவதாக அக்காவும் போய் சேரைப் பிடித்துக்கொண்டார்.

இப்போது அதிகாரி அலுவலக வாசலிலேயே போடலாம் என்கிறார்கள். போலீசிடம் ஸ்கிரிப்ட் காட்டணுமா?

வியாசர்பாடி பழசு:
வேண்டாம். ஸ்கிரிப்டை முன்கூட்டிக் காட்டச் சொன்ன 1954 நாடகச் சட்டத்தின் பிரிவுகளை, நாடகக்காரர் ஞாநி போட்ட வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2013-லேயே செல்லாது என்றுவிட்டது. ஆனால் மைக் வைத்தால் அனுமதி கேட்பார்கள், இடத்துக்கும் கேட்கலாம். வக்கீல் ஒருத்தரை விசாரித்துக்கொள். மைக் எதற்கு, பறை இருக்கிறதே. என்னிடம் ஒன்று சும்மாதான் தொங்குகிறது.

ஆறாவது மாடி:
ஞாயிறு நாலு மணிக்குள் கொண்டுவாங்க அண்ணா. வரும்போது டீக்கடைக்காரரைக் கொஞ்சம் சமாதானப்படுத்தணும், சேர் கால் உடைந்துவிட்டது.