தூக்கத்தில் யாரோ அமுக்குவது போல் உணர்ந்தவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

ஈசூன்வாசி:

எனக்கு இது முதலில் நடந்தது நள்ளிரவில் இல்லை, காலை 10 மணிக்கு. விமானப் பராமரிப்பில் இரவு வேலை செய்கிறேன். அன்று 8 மணிக்கு மேல் வீட்டுக்கு வந்து, குளித்துவிட்டு, திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்தேன். கொஞ்ச நேரத்தில் விழிப்பு வந்தது. பக்கத்து வீட்டில் ஒலி 96.8 வானொலி பாடிக்கொண்டிருந்தது. மின்விசிறி சுற்றுவது தெரிந்தது. ஆனால் சுண்டுவிரலைக்கூட அசைக்க முடியவில்லை. அம்மாவைக் கூப்பிடப் பார்த்தேன், குரல் எழவில்லை. நெஞ்சில் யாரோ முழங்காலை ஊன்றி உட்கார்ந்தது போல் கனம். அலமாரிக்குப் பக்கத்தில் ஒருவர் நிற்கிறார் என்று உறுதியாகத் தெரிந்தது, முகம்தான் தெரியவில்லை. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. திடீரென்று கட்டு அவிழ்ந்தது போல் கை அசைந்தது. எழுந்துபோய்ச் சமையலறையில் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டேன். எனக்கு அப்போது 34 வயது.

"அமுக்குவான்தான் ஐயா அது. உன் தாத்தாவுக்கும் வரும். மல்லாந்து படுக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது?" என்றார் அம்மா. நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, தலையணைக்கு அடியில் பாட்டியின் பாக்குவெட்டியை வைத்தார். அன்று இரவு வேலையிடத்தில் எங்கள் மலாய் அபாங் (அண்ணன்) ஒருவரிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. "கெனா திண்டிஹ்" என்றார், அமுக்கப்பட்டது என்று பொருள். எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த சீன நண்பர், தங்கள் பேச்சில் அதற்குப் 'பேய் கட்டிலை அமுக்குவது' என்றே பெயர் என்றார். ஜப்பானில் இதை கனாஷிபாரி என்கிறார்கள், உலோகத்தால் கட்டிப்போட்டது போல் என்று பொருள். ஒரே மேசையில் 3 மொழிக்காரர்கள் இருந்தோம், எல்லோரும் சொன்னது அந்த நெஞ்சுக் கனத்தைத்தான்.

அதற்குப் பிறகு மாதத்துக்கு 2, 3 முறை வந்தது. படுக்கவே பயம். பயந்து தூக்கத்தைத் தள்ளிப்போட்டேன், கோப்பி ஓ (கடுங்காப்பி) கூடிப்போனது. தூக்கம் குறையக் குறைய இது இன்னும் அடிக்கடி வந்தது. எனக்குப் புத்தி பேதலிக்கிறதோ என்று உள்ளுக்குள் ஒரு பயம், அதைத்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை. கடைசியில் பலதுறை மருந்தகத்துக்குப் போனேன்.

அங்கே இருந்த டாக்டர் இளம் பெண். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். தூக்கம் முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை. ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒரு சுற்று வீதம் ஆழ்ந்த தூக்கமும் கனவுத் தூக்கமும் மாறி மாறி வரும். கனவுத் தூக்கத்தில் மூளை விழித்திருப்பது போலவே சுறுசுறுப்பாக இருக்கும். கனவில் ஓடினால் கால் நிஜமாக ஓடிவிடக் கூடாது இல்லையா? அதற்காக மூளைத்தண்டு ஒரு பூட்டுப் போடுகிறது. கிளைசின், காபா என்ற இரண்டு இரசாயனங்கள் வழியாகத் தண்டுவடத்தில் இருக்கும் தசை நரம்புகளை அது அடக்கிவைக்கிறது. கண்ணை அசைக்கும் தசைக்கும் மூச்சு இழுக்கும் உதரவிதானத்துக்கும் மட்டும் விலக்கு. எனக்கு நேர்ந்தது என்னவென்றால், பூட்டு திறப்பதற்கு முன்பே மூளை விழித்துக்கொண்டது. மூச்சுக்கு உதவும் விலாத் தசைகளும் அப்போது தளர்ந்து கிடப்பதால் ஆழமாக இழுக்க முடியாது, அதுதான் நெஞ்சுக் கனம். பயத்தைக் கிளப்பும் அமிக்டலா என்ற மூளைப் பகுதி கனவுத் தூக்கத்தில் வேகமாக வேலை செய்யும். கனவின் மிச்சமும் அந்தப் பயமும் சேர்ந்து அலமாரி ஓரத்தில் ஆளாக நிற்கின்றன.

பகலில் வந்தது ஏன் என்று கேட்டேன். கனவுத் தூக்கத்துக்கு உடல் கடிகாரம் ஒதுக்கியிருக்கும் நேரம் விடியற்காலையும் அதையொட்டிய காலைப் பொழுதும்தானாம். இரவெல்லாம் விழித்துவிட்டுக் காலையில் படுப்பவர் ஆழ்ந்த தூக்கத்தைத் தாண்டிச் சீக்கிரமே கனவுத் தூக்கத்தில் விழுந்துவிடலாம்.

அவர் கேட்ட ஒரு கேள்வி வித்தியாசமாக இருந்தது. "பலமாகச் சிரிக்கும்போது முழங்கால் துவண்டுபோகிறதா?" இல்லை என்றேன். அப்படி இருந்து, பகலிலும் அடக்க முடியாமல் தூக்கம் வந்தால் அது நார்கோலெப்சி என்ற நோயாக இருக்கலாமாம். விழிப்பை நிலைநிறுத்தும் ஒரெக்சின் என்ற பொருளை உண்டாக்கும் செல்கள் மூளையில் அழிந்துபோவதால் வருவது. ஒரெக்சினையே 1998இல்தான் கண்டுபிடித்தார்கள்.

வீட்டுக்கு வந்து நானும் தேடிப் படித்தேன். கனவுத் தூக்கத்தை 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கி என்ற ஆய்வு மாணவரும் அவர் பேராசிரியர் கிளைட்மனும் உலகுக்குச் சொன்னார்கள். பிறகு பிரான்ஸில் லியோன் நகரில் மிஷெல் ழூவே பூனைகளின் மூளைத்தண்டில் அந்தப் பூட்டு இருக்கும் இடத்தைச் சேதப்படுத்திப் பார்த்தார். தூங்கும் பூனைகள் எழுந்து, இல்லாத எலியைத் துரத்துவது போல் பாய்ந்தன. இதைப் படித்த இரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன். என்னை அமுக்கியது என்னைக் காப்பாற்றுகிற ஏற்பாடுதான் என்று அப்போதுதான் மனதில் பட்டது.

உங்களில் யாருக்கெல்லாம் இது வந்திருக்கிறது? வெட்கப்படாமல் எழுதுங்கள்.

செங்காங் மலர்:

அண்ணே, எனக்கும் வந்திருக்கிறது. என் கதை வேறு. குழந்தை பிறந்த பிறகு மன அழுத்தம் வந்து மாத்திரை சாப்பிட்டேன். 8 மாதத்தில் நன்றாகிவிட்டது என்று நானே ஒரு நாள் நிறுத்திவிட்டேன். ஒரு வாரத்துக்குள் பயங்கரமான கனவுகள், பிறகு இதே அமுக்கல். கட்டில் ஓரத்தில் ஒரு பெண் உட்கார்ந்து குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அசைய முடியாமல் கிடந்தேன். அதை இப்போது எழுதும்போதும் கை நடுங்குகிறது.

மாமியாரிடம் சொன்னால் குழந்தையை என்னிடமிருந்து பிரித்துவிடுவார்களோ என்று பயந்து 3 வாரம் யாருக்கும் சொல்லவில்லை. டாக்டரிடம் சொன்னபோது அவர் முதலில் கேட்டதே, "மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினீர்களா?" என்பதுதான். அந்த வகை மாத்திரைகள் கனவுத் தூக்கத்தைக் குறைத்துவைக்கும். சட்டென்று நிறுத்தினால் அடக்கிவைத்தது எல்லாம் ஒரேயடியாகப் பொங்கி வரும். மறுபடி தொடங்கி, சில மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். அமுக்கல் நின்றது. தூக்கத்தின் வாசலில் மட்டும் தெரிகிற உருவமும் பகலில் விழித்திருக்கும்போது கேட்கிற குரலும் ஒன்றல்ல என்று அவர் நிதானமாக விளக்கினார். அந்த ஒரு விளக்கத்துக்காக நான் 3 வாரம் அழுதிருக்க வேண்டியதில்லை. சொல்லுங்கள் அக்காமாரே, தங்கைமாரே, டாக்டரிடம் சொல்லுங்கள்.

புக்கிட் பாத்தோக் ரவி:

எனக்கு வந்ததில்லை. ஆனால் அந்தத் தசைப் பூட்டைப் பற்றிப் படித்ததும் அப்பா நினைவு வந்தது. அவர் டாக்சி ஓட்டியவர். 60 வயதுக்கு மேல் யாரிடமும் பேசுவதை விட்டார். எதற்கெடுத்தாலும் கோபம், கோயிலுக்குக்கூட வரமாட்டார். மனச்சோர்வு என்று மருந்து கொடுத்தார்கள், இரத்த அழுத்தத்துக்கு 3 மாத்திரை. எதுவும் சரியாகப் பிடிக்கவில்லை. குறட்டை மட்டும் பக்கத்து வீடு வரை கேட்கும்.

உறக்க ஆய்வுக்கு எழுதிக் கொடுத்தார்கள். தலையிலும் நெஞ்சிலும் ஒயர்களை ஒட்டி ஓர் இரவு படுக்கவைத்தார்கள். மணிக்கு 41 முறை மூச்சு அடைபட்டிருக்கிறது. 30ஐத் தாண்டினாலே கடுமை. தூங்கும்போது தொண்டைத் தசை தளர்கிறது, கனவுத் தூக்கத்தில் இன்னும் மோசம், ஏனென்றால் அதே பூட்டு. வழி அடைபடும், இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும், மூளை அலறியடித்து உடலை எழுப்பும், இதயம் துடிக்கும், அழுத்தம் ஏறும். இரவு முழுக்க இதுவே திரும்பத் திரும்ப. காலையில் அவர் 8 மணி நேரம் தூங்கியதாக நினைத்துக்கொண்டு எழுந்திருப்பார். அந்த மனுஷன் எப்படிச் சிரிப்பார்?

காற்றை அழுத்தித் தரும் சீபேப் முகமூடி கொடுத்தார்கள். முதல் 2 வாரம் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தார். பிறகு பழகிவிட்டது. தீபாவளிக்குத் தேக்காவுக்கு அவரே கிளம்பி வந்து பேத்திக்கு வளையல் பேரம் பேசினார். மனச்சோர்வு மருந்து இன்னும் இருக்கிறது, குறைந்த அளவில். முகமூடியே எல்லாவற்றையும் தீர்த்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் வீட்டில் யாராவது பலமாகக் குறட்டை விட்டு, பகலில் சோர்ந்து கிடந்தால், சோம்பேறி என்று முத்திரை குத்தாமல் ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

தோ பாயோ அம்மா:

என் மகளுக்கு 15 வயது. தேர்வு நேரத்தில் இரண்டு முறை வந்தது. 1 மணிக்குப் படுத்து 5.30க்கு எழுந்துகொண்டிருந்தாள். இந்த வயதில் உடல் கடிகாரம் தானாகவே பின்னுக்குப் போகும், சீக்கிரம் படு என்றால் தூக்கம் வராது. நம் ஊரில் இன்னொரு சங்கடமும் உண்டு. சிங்கப்பூர் இருக்கும் இடத்துக்கு நேரம் சுமார் 1 மணி முன்னால் ஓடுகிறது. 1982 ஜனவரி 1இல் கடிகாரத்தை அரை மணி முன்னுக்கு நகர்த்தியதிலிருந்து இப்படித்தான். சூரியன் உச்சிக்கு வருவது பகல் 1 மணிவாக்கில், உதிப்பது 7 மணிவாக்கில். பிள்ளைகள் இருட்டில் எழுந்து இருட்டில் பேருந்து ஏறுகிறார்கள். கடிகாரத்தைச் சரிசெய்யும் காலை வெளிச்சம் கண்ணில் படுவதே பள்ளிக்குப் போன பிறகுதான். கைப்பேசியை 10 மணிக்குக் கூடத்தில் வைத்துவிட வேண்டும் என்று ஆரம்பித்தோம். ஒரு மாதம் சண்டை, இப்போது பரவாயில்லை.

ஒரு சந்தேகம்: அந்த நேரத்தில் மூச்சு நின்றுவிடாதே?

ஈசூன்வாசி:

நிற்காது அம்மா. உதரவிதானம் வேலை செய்துகொண்டே இருக்கும். எனக்கும் இதைத்தான் முதலில் சொன்னார்கள். மகளிடம், முழு உடம்பையும் உதறி எழுந்திருக்கப் போராட வேண்டாம், கால் கட்டைவிரலை மட்டும் அசைக்க நினைத்துக்கொண்டு மெதுவாக மூச்சு விடச் சொல்லுங்கள். எனக்கு அது உதவியது. மல்லாந்து படுப்பவர்களுக்கு அதிகம் வருகிறது என்பதும் உண்மைதான். அம்மா சொன்னது அதில் சரி.

புங்கோல் தங்கை:

தூக்கம் அதிகமாகத் தொந்தரவு செய்ததைப் பற்றி எல்லோரும் எழுதுகிறீர்கள். தூக்கமே தேவைப்படாமல் போன என் அண்ணனைப் பற்றி எழுதுகிறேன்.

தேசிய சேவை முடித்துப் படித்துக்கொண்டிருந்தான். ஒரு செய்முறைத் திட்டத்துக்காக 3 இரவு தொடர்ந்து விழித்தான். அதன் பிறகு 3 மணி நேரம் தூங்கினாலே போதும் என்றான். சோர்வே இல்லை. விடியற்காலை 4 மணிக்கு ஓடப் போவான், வந்து அம்மாவுக்குத் தோசை சுடுவான். "பிள்ளை என்ன சுறுசுறுப்பு!" என்று சொந்தக்காரர்கள் மெச்சினார்கள். நாங்களும் சந்தோஷப்பட்டோம். இரண்டாவது வாரம் பேச்சை நிறுத்த முடியவில்லை. 4 மடிக்கணினி வாங்கினான், தொழில் தொடங்கப் போகிறானாம். மூன்றாவது வாரம் மனநலக் கழக மருத்துவமனையில் சேர்த்தோம்.

அம்மா வாசலில் நின்றுவிட்டார். பழைய ஆட்களுக்கு அது இன்னும் 'உட்பிரிட்ஜ்'தான். 1993இல் புவாங்கோக்குக்கு மாறிப் பெயரும் மாறியது, அந்தப் பழைய பெயரின் பயம் மட்டும் மாறவில்லை. உள்ளே மரங்களும் நடைபாதையும் பார்த்த பிறகுதான் அம்மா அழுவதை நிறுத்தினார்.

பைபோலார் என்றார்கள், பித்துநிலையும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் நோய். தூக்கமின்மையில் தூங்க ஆசை இருக்கும், வராது, பகலில் வாடிப்போவார்கள். பித்துநிலை தொடங்கும்போது தூங்காமலே பளிச்சென்று இருப்பார்கள். இந்த வித்தியாசத்தை டாக்டர் எங்களை மனப்பாடம் செய்ய வைத்தார். தூக்கம் குறைவது அந்த நோயின் அறிகுறி, அதே சமயம் அதைத் தூண்டிவிடும் காரணமும்கூட. அதனால் தூக்கம் வராதவர்களுக்குச் சில இடங்களில் சொல்வது போல் படுக்கும் நேரத்தைக் குறைத்துப் பார்க்கும் பயிற்சியை இந்த நோய் உள்ளவர்கள் தாங்களாகவே செய்யவே கூடாது.

லித்தியம் சாப்பிடுகிறான். ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மருத்துவர் 1949இல் எழுதிய மருந்து, இன்னும் முதல் வரிசையில் இருக்கிறது. இரத்தத்தில் அதன் அளவு, சிறுநீரகம், தைராய்டு எல்லாம் அவ்வப்போது பார்க்க வேண்டும். அப்புறம் எங்கள் வீட்டில் 11 மணிக்கு விளக்கு அணைந்துவிடும், எல்லோருக்கும். அவனுக்கு மட்டும் என்று வைத்தால் அவனை நோயாளியாக்கியது போல் இருக்கும்.

தைப்பூசத்துக்கு அவன் எப்போதும் நள்ளிரவில் பெருமாள் கோயிலில் இருந்து பால்குடம் எடுப்பான். அந்த வருடம் டாக்டரிடம் கேட்டோம். இரவு முழுக்கத் தூங்கிவிட்டுக் காலையில் எடுக்கட்டும் என்றார். சிராங்கூன் ரோட்டில் வெயில் ஏறத் தொடங்கும்போது கிளம்பினோம். டேங்க் ரோடு முருகன் கோயில் வரை நானும் பக்கத்திலேயே நடந்தேன். இப்போது 5 வருடமாகக் காலையில்தான் போகிறோம். அவன் தூக்கம் 5 மணி நேரத்துக்குக் கீழே இரண்டு நாள் போனால் அவனே எனக்குச் செய்தி அனுப்பிவிடுவான், நான் மருத்துவமனைக்குப் போன் போடுவேன். இதுவரை அப்படி இரண்டு முறை போட்டிருக்கிறேன். இரண்டு முறையும் படுக்கையில் சேர்க்காமலே சரியானது.

ஈசூன்வாசி:

தங்கச்சி, இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் தட்டச்சு செய்ய முடியவில்லை. அண்ணனுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

ரவி சொன்னதைப் பார்த்து மனைவியிடம் கேட்டேன், நானும் குறட்டை விடுகிறேனாம். அடுத்த மாதம் உறக்க ஆய்வுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். வேலையிலும் வாரத்துக்கு வாரம் மாறாமல் ஒரே முறையில் வைக்கக் கேட்டிருக்கிறேன். ஆய்வு முடிவு வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.