புதுப்பிப்பு: தங்கச்சியின் தாடை, ஆறாம் மாதம்

தங்கச்சிக்குக் கீழ்த்தாடையைப் பின்னே தள்ளிச் சத்திரசிகிச்சை செய்ததையும், வலது கன்னம் மட்டும் வற்றாததையும் முன்பு எழுதியிருந்தேன். தாடை திரும்ப நகர்ந்துவிட்டதோ என்பதுதான் அன்றைய பயம்.

நேற்று விடியற்காலையிலேயே ஹட்டனில் பஸ் ஏறி, கண்டியில் ஸ்கேன் எடுத்தோம். கருவி தலையை ஒரு சுற்றுச் சுற்றியது, ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அப்புறம்தான் விசயமே. சத்திரசிகிச்சை முடிந்த கையோடு எடுத்த முப்பரிமாணப் படத்தின் மேல் புதியதை டொக்டர் பொருத்தினார். இரண்டையும் பொருத்த ஆதாரமாக எடுத்தது மண்டையோட்டின் அடிப்பகுதி. அங்கே கத்தி படவில்லையே. நகராத இடம் பச்சை, முன்னே வந்தால் சிவப்பு, உள்ளே போனால் நீலம். தாடை எலும்பு முழுக்கப் பச்சை! "கொழுந்து மாதிரி இருக்குதே" என்றார் அம்மா. தோல் படத்தில் இடது கன்னம் கடும் நீலம், வலது வெளிர் நீலம், அதாவது வலது குறைவாகத்தான் வற்றியிருக்கிறது. ஆக, மிச்சமிருப்பது வீக்கம்தான்.

திரும்பத் திரும்ப ஸ்கேன் எடுத்தால் கதிர்வீச்சு படாதா என்று கேட்டிருந்தீர்கள். ஸ்கேன்களுக்கு இடையில் முப்பரிமாணக் கேமராவால் முகத்தை மட்டும் எடுக்கலாம். அதில் கதிர்வீச்சு இல்லை, எலும்பும் தெரியாது.

கீழுதட்டு மரமரப்பு இன்னும் போகவில்லை. அது எந்தப் படத்திலும் தெரியாது. டொக்டர் பஞ்சால் தொட்டுத்தான் பார்த்தார். இரவு ரொட்டியும் சம்பலும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.