காய்ந்துபோன பிறந்தநாள் கேக்: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

மலைக்கோட்டை மருமகள்:

மூன்று மாதம் ஆகிவிட்டது, இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை, அதனால் இங்கே கொட்டிவிடுகிறேன். பையனுக்கு நான்காவது பிறந்தநாள். கடைக் கேக் வேண்டாம், நானே செய்கிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டேன். எல்லோரும் செய்கிற வெண்ணெய்க் கேக்தான்: 200 கிராம் வெண்ணெய், 200 சர்க்கரை, 200 மைதா, நான்கு முட்டை. முந்தின ராத்திரி வெளியே எடுத்தபோது விரலால் அழுத்தினால் மெத்தை மாதிரி எழும்பியது. கெட்டுப்போய்விடக் கூடாதே என்று அப்படியே திறந்தபடி ஃப்ரிட்ஜில் வைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் ஃப்ரிட்ஜிலிருந்து நேராக மேஜைக்கு. கத்தி பட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது. பிள்ளைகள் க்ரீமை மட்டும் நக்கிவிட்டு ஓடிவிட்டார்கள். மாமனார் ஒரு வாய் மென்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் என் பக்கம் திரும்பாமலே, "அம்மாடி, ஒரு காபி கிடைக்குமா?" என்றார். கொடுத்தேன். கேக்கை ரஸ்க் மாதிரி காபியில் முக்கி முக்கி ஒரு துகள் விடாமல் சாப்பிட்டு முடித்து, "நல்லா இருக்கும்மா" என்றார். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

குக்கர் பேச்சிலர்:

உங்களுக்காவது காபி போட ஆள் இருந்தது. எங்கள் ரூமில் நண்பனுக்குப் பிறந்தநாள், வேளச்சேரியில் மொட்டைமாடி ரூம், ஓவன் எல்லாம் கனவு. குக்கரில் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, அடியில் உப்பு பரப்பி, ஸ்டாண்டு மேலே பாத்திரம். அதெல்லாம் சரியாகத்தான் செய்தேன். வெந்துவிட்டதா என்று குத்திப் பார்க்கத்தான் ரூமில் ஒரு டூத்பிக்கூட இல்லை. ஊதுபத்திக் குச்சியின் அடிப்பக்கத்தை உடைத்துக் கழுவி அதால் குத்தினேன். ஒவ்வொரு முறையும் குச்சியில் இரண்டு துகள் ஒட்டிக்கொண்டு வந்தது. "இன்னும் வேகலடா" என்று மறுபடி மூடுவேன். ஏழு தடவை. ஒரு மணி பத்து நிமிஷம் கழித்துக் குச்சி சுத்தமாக வந்தது. ஓரமெல்லாம் முறுக்கு. நடுவில் மெலிதாகச் சந்தன வாசனை. நண்பன் கண்ணை மூடிக்கொண்டு, "கோயில்ல இருக்கிற மாதிரி இருக்கு மச்சான்" என்றான். இன்றுவரை ரூமில் அதுதான் என் பெயர்: பூசாரி.

ஈர மாவு ஒட்டினால்தான் வேகவில்லை என்று அர்த்தமாம். இரண்டு மூன்று துகள் ஒட்டினால் அதுதான் இறக்க வேண்டிய நேரமாம். யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

சர்க்கரையைக் குறைத்தவள்:

என் கதை வேறு. அத்தைக்குச் சுகர். அவருடைய அறுபதாவது பிறந்தநாளுக்கு நல்லது செய்வதாக நினைத்து 200 கிராம் சர்க்கரை போட வேண்டிய இடத்தில் 90தான் போட்டேன். மேலே சிவக்கவே இல்லை, வெள்ளை வெளேரென்று நின்றது. வாயில் போட்டால் மரத்தூள். அத்தை விழுங்கி முடித்துவிட்டு, "இதுக்கு நாலு இட்லிய அடுக்கி வெட்டியிருக்கலாமே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ராத்திரி பாத்திரம் கழுவும்போது அழுதேன்.

சர்க்கரை இனிப்புக்கு மட்டுமில்லை, மாவிலுள்ள தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதும் அதுதான் என்று அப்புறம்தான் தெரிந்தது. இப்போது அளவைக் குறைப்பதில்லை, துண்டைச் சின்னதாக்கிவிடுகிறேன்.

அடுப்படி அக்கா:

என் பெண்ணின் முதல் பிறந்தநாள் கேக்கைத் தூக்கி எறிய மனமில்லாமல் வாசலில் நாய்க்கு வைத்தேன், அது மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. அவ்வளவுதான் என் கதை. இப்போது விஷயத்துக்கு வருவோம்.

மலைக்கோட்டை, உங்கள் கேக்கில் ஒரு குறையும் இல்லை. குறை ஃப்ரிட்ஜில். வெண்ணெய் குளிரில் கட்டியாகிவிடும், அதனால் கேக்கும் கல்லாகும். அது போதாதென்று, வெந்த மாவு வெளியே இருப்பதைவிட ஃப்ரிட்ஜ் குளிரில்தான் சீக்கிரம் விறைக்கும். பழைய சோற்றை ஃப்ரிட்ஜில் வைத்தால் பருக்கை விறைத்துப்போகிறதே, அதே கதை. மூடாமல் வேறு வைத்திருக்கிறீர்கள். எண்ணெய் அந்தக் குளிரிலும் இளகியே இருக்கும், அதனால் எண்ணெய்க் கேக்குக்கு மாறிவிடுங்கள். யாரும் கேட்கவில்லை என்றாலும் அளவு சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

புளிக்காத கெட்டித் தயிர் ஒரு கப், சர்க்கரை ஒரு கப். இரண்டையும் கரைத்து, ஒன்றேகால் டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் சோடா உப்பு சேர்த்து ஐந்து நிமிஷம் விடுங்கள், நுரைத்துக்கொண்டு வரும். வாசனையில்லாத எண்ணெய் அரை கப் (தயவுசெய்து நல்லெண்ணெய் வேண்டாம், ஒருத்தி செய்தாள்), வெனிலா எசன்ஸ் ஒரு டீஸ்பூன். சலித்த மைதா ஒன்றரை கப், இரண்டு மூன்று தடவையாகப் போட்டுக் கலக்குங்கள். மாவு மறைந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். இட்லி மாவு மாதிரி போட்டு அடித்தால் மைதாவில் பசை ஏறி, கேக் ரப்பராகிவிடும். முட்டையே வேண்டாம்.

கப் என்றால் 240 மில்லி அளவுக் கப். வீட்டு எவர்சில்வர் டம்ளர் ஒவ்வொன்றும் ஒரு அளவு, பாதிப் பேருக்குக் கேக் காய்வது அதனால்தான். கப்பை மைதா டப்பாவுக்குள் விட்டு அமுக்கி அள்ளாதீர்கள், ஸ்பூனால் எடுத்துப் போட்டு மேலே வழித்துவிடுங்கள். 180 டிகிரியில் சூடேற்றிய ஓவனில் 35 நிமிஷம், குக்கரில் சிம்மில் 40, 45. அரை மணி வரைக்கும் மூடியைத் தொடவே கூடாது (பூசாரித் தம்பி, கவனிக்கவும்). ஓவன் திருகில் 180 என்று இருந்தால் உள்ளேயும் 180 இருக்கும் என்று நம்பாதீர்கள். நான் சின்னத் தெர்மாமீட்டர் வாங்கி உள்ளே வைத்துப் பார்த்தேன், 210 காட்டியது. நாலு வருஷம் கேக்கை வறுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இறக்கிப் பத்து நிமிஷம் கழித்துத் தட்டில் கவிழ்த்து, வெதுவெதுப்பு அடங்குவதற்குள் சுற்றி மூடிவிடுங்கள். க்ரீம் தடவுவதற்கு முன் அரை கப் தண்ணீரில் கால் கப் சர்க்கரை கொதிக்கவைத்து ஆறிய பாகை மேலே பூசுங்கள். ஃப்ரெஷ் க்ரீம் போட்டால் ஃப்ரிட்ஜில்தான் வைத்தாக வேண்டும், ஆனால் எண்ணெய்க் கேக் என்றால் வெண்ணெய்க் கேக் அளவுக்குக் கல்லாகாது.

வெண்ணெய்க் கட்சி:

எண்ணெய் ஊற்றிச் செய்கிற கேக்கைக் கேக் என்று சொல்லவே எனக்கு வாய் வராது. ஈரமாக இருக்கும், சரி. ருசி எங்கே? வெண்ணெய்க் கேக்கைச் சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வைத்திருந்தால் மலைக்கோட்டையின் மாமனாருக்குக் காபியே தேவைப்பட்டிருக்காது. கட்டியான வெண்ணெய் தானே இளகும். சும்மா ஃப்ரிட்ஜைத் திட்டாதீர்கள்.

என் அனுபவமா? பொறுமையில்லாமல் சூடான கேக்கில் பட்டர் க்ரீம் தடவினேன். மேலடுக்கு மெதுவாக வழுக்கிக்கொண்டு போய், அக்கா பையன் மடியில் உட்கார்ந்தது. அதற்கும் ஃப்ரிட்ஜ் காரணமில்லை.

அடுப்படி அக்கா:

வெண்ணெய்க் கட்சி, வெளியே எடுத்து வைத்தால் வெண்ணெய் இளகும், ஒத்துக்கொள்கிறேன். விறைத்த மாவுமா பழையபடி ஆகும்? ருசி வேண்டுமென்றால் வெண்ணெய் பாதி எண்ணெய் பாதி போடுங்கள், யார் தடுத்தது.

நீலகிரிக் குளிர்:

சமவெளிக்காரர்கள் சண்டை போடுங்கள், எங்கள் பாடு யாருக்குத் தெரியும். கோயம்புத்தூரில் பத்துத் தடவை செய்து பழகிய அதே கேக்கை ஊட்டிக்கு மாற்றலாகி வந்த முதல் மாதம் செய்தேன். ஓவன் கண்ணாடி வழியாக நானும் என் பெண்ணும் பார்த்துக்கொண்டே இருந்தோம். கிடுகிடுவென்று எழும்பி, டின் விளிம்பைத் தாண்டி நின்றது. "அம்மா, மலை!" என்று கைதட்டினாள். அடுத்த நிமிஷம் நடுவில் பொசுக்கென்று உள்ளே போய்விட்டது. அவள் கைதட்டலை நிறுத்தவில்லை, "அம்மா, ஏரி!" என்றாள். ஓரம் காய்ந்த ரொட்டி, நடுவில் பள்ளம். பள்ளத்தில் மிக்ஸட் ஃப்ரூட் ஜாமை ஊற்றி ஏரி கேக் என்றே வெட்டினோம்.

இங்கே 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மாவு கெட்டியாவதற்குள் காற்று ஊதி வெடித்துவிடுகிறது, ஈரமும் சீக்கிரம் பறந்துவிடுகிறது. இப்போது பேக்கிங் பவுடரில் கால் பங்கு குறைத்து, பால் மூன்று ஸ்பூன் கூட்டி, சூட்டைப் பத்து டிகிரி ஏற்றி வைக்கிறேன். நன்றாகத்தான் வருகிறது. பெண்ணுக்குத்தான் ஏமாற்றம், ஏரி எங்கே என்கிறாள்.

பனங்காய்ப் பணியாரம்:

நான் யாழ்ப்பாணம். எங்கள் அம்மம்மா பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முந்தியே கேக் அடித்துவிடுவா. சூடு ஆறமுதல் எண்ணெய்த் தாளில் சுற்றி, பிஸ்கட் ரின்னுக்குள் வைத்து, அலுமாரிக்கு மேலே ஏற்றிவிடுவா. "நாளைக்குத்தான் கேக் கேக்காகும்" என்பா. எனக்கு ஏழு வயது. கதிரை போட்டு ஏறி, ஒரு மூலையை விரலால் தோண்டித் தின்றேன். ஓரம் மொறுமொறு, உள்ளே சாதாரணம், இதற்கா இவ்வளவு காவல் என்று நினைத்தேன். அடுத்த நாள் வெட்டியபோது அதே ஓரம் பஞ்சு மாதிரி. உள்ளே இருந்த ஈரம் ஓரத்துக்கும் வந்திருந்தது.

என் விரல் போன ஓட்டை அப்படியே இருந்தது. அம்மம்மா அந்தத் துண்டையே வெட்டி, எல்லாருக்கும் முன்னால் முதல் ஆளாக எனக்குத் தந்தா. ஒரு சொல் கேட்கவில்லை. மலைக்கோட்டை, உங்கள் மாமனார் கதையை வாசித்ததும் அந்தத் துண்டுதான் ஞாபகம் வந்தது.

மலைக்கோட்டை மருமகள்:

எல்லோருக்கும் நன்றி. போன ஞாயிறு மாமனாருக்குப் பிறந்தநாள். அடுப்படி அக்கா அளவில் தயிர்க் கேக்கை முந்தின நாளே செய்து, வெதுவெதுப்பாகச் சுற்றி, மேஜை மேலேயே வைத்துவிட்டேன். க்ரீம் போடவில்லை. கத்தி சத்தமில்லாமல் இறங்கியது, ஒரு துகள் விழவில்லை. நான் சமையலறை வாசலில் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தட்டை வாங்கியவர், வாயில் வைப்பதற்கு முன்பே, "அம்மாடி, ஒரு காபி" என்றார். வேண்டாம் மாமா, இது மெத்தென்று இருக்கிறது என்று சொல்ல வாயெடுப்பதற்குள் மாமியார் டம்ளரை நீட்டிவிட்டார். முக்கினார். பாதித் துண்டு அப்படியே கரைந்து டம்ளருக்குள் விழுந்துவிட்டது. ஸ்பூன் கேட்டு வாங்கி, அடி வரைக்கும் வழித்துச் சாப்பிட்டார்.

"போன தடவை செஞ்சது முக்குறதுக்கு வசதியா இருந்துச்சு" என்றார்.