எம்.ஆர்.டி.: 'எஞ்சுநோய்' என்றே வைப்போம்

குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம்.

ரத்தப் புற்றுநோய்க்குக் குருத்தணு (ஸ்டெம் செல்) மாற்று சிகிச்சை பெற்றவர்களுக்கான தமிழ்க் கையேட்டில் எம்.ஆர்.டி.யை, அதாவது சிகிச்சைக்குப் பிறகும் உடம்பில் எஞ்சியிருக்கும் சொற்பப் புற்றணுக்களை, தமிழில் எப்படி எழுதுவது என்று நடக்கும் பேச்சை முழுக்கப் படித்தேன். சிங்கப்பூரில் ரத்தவியல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன், இந்த அறிக்கைகளோடுதான் என் பொழுது போகிறது, அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> குறைந்தபட்ச எஞ்சிய நோய் என்பது அகராதிப்படி சரிதானே?

இதை மட்டும் வேண்டாம் அண்ணா. தமிழில் 'குறைந்தபட்சம்' என்றாலே இதற்குக் கீழே இறங்கக்கூடாது என்றுதான் காதில் விழும். குறைந்தபட்சச் சம்பளம், குறைந்தபட்ச வயது, குறைந்தபட்ச மதிப்பெண் எல்லாம் அப்படித்தான். சிகிச்சை முடித்து வீட்டில் இருப்பவர் இதைப் படித்தால், எப்படியும் இவ்வளவு நோய் உடம்பில் இருந்தே தீரும் என்று நினைத்துக்கொள்வார். எம்.ஆர்.டி.யின் முதல் எழுத்தான அந்த 'மினிமல்' ஆங்கிலத்திலேயே நிலைக்கவில்லை. ஏ.எம்.எல். என்ற ரத்தப் புற்றுநோய்க்கு ஐரோப்பிய லுக்கிமியா வலையமைப்பு 2018இல் வெளியிட்ட ஆவணத்தின் தலைப்பில் 'மினிமல்', 'மெஷரபிள்' (அளவிடத்தக்க) இரண்டும் சேர்ந்து நின்றன. இப்போது ரத்தவியல்காரர்கள் பெரும்பாலும் 'மெஷரபிள்' என்றுதான் சொல்கிறார்கள். அவர்களே கைவிட்டதை நாம் எடுத்துச் சுமக்க வேண்டுமா?

> நுண்ணெச்ச நோய்

அழகான சொல், ஐயா. ஆனால் 'நுண்' என்றதும் பரவாயில்லை, சின்ன விஷயம்தான் என்ற எண்ணம் வந்துவிடும். மாற்று சிகிச்சைக்குப் பிறகு ஆயிரத்தில் ஒன்று தெரிந்தாலே மருத்துவர் சும்மா இருக்க மாட்டார். தடுப்பாற்றலை அடக்கும் மருந்தைக் குறைக்கலாமா, கொடையாளரின் லிம்ஃபோசைட்டுகளை (ஒருவகை வெள்ளணு) ஏற்றலாமா என்று யோசிக்கத் தொடங்கிவிடுவார். 'எச்சம்' என்றதும் பலருக்குப் பறவை எச்சம் நினைவுக்கு வரும் என்பது தனி.

சொல்லை முடிவு செய்யும் முன் பரிசோதனை எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது, ஏனென்றால் சொல்லின் கனம் அங்கேதான் இருக்கிறது. நுண்ணோக்கியில் எலும்பு மஜ்ஜையைப் பார்த்து முதிரா அணுக்கள் 5 சதவீதத்துக்குள் இருந்தால் நோய் தணிந்தது என்பது பழைய அளவுகோல். அந்த நிலையிலும் உடம்பில் கோடிக்கணக்கில் புற்றணுக்கள் ஒளிந்திருக்க முடியும். ஃப்ளோ சைட்டோமெட்ரி என்றால் ஒவ்வோர் அணுவின் மேலும் ஒட்டியிருக்கும் புரதங்களை ஒளிரும் சாயம் பூசிய எதிர்ப்பொருள்களால் அடையாளம் கண்டு, லேசர் முன்னால் ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிடுவது. திரையில் புள்ளிப் புள்ளியாகக் கூட்டம் சேரும், நல்ல அணுக்கள் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும், எந்தக் கூட்டத்திலும் சேராமல் ஓரமாக நாற்பது ஐம்பது புள்ளிகள் ஒட்டிக்கொண்டு நின்றால் நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம். பத்தாயிரத்தில் ஒன்று வரை பொதுவாக இதில் தெரியும். மரபணுத் துண்டைப் பல மடங்கு பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் (PCR) சோதனை இன்னும் கீழே போகும், லட்சத்தில் ஒன்று வரைகூட, ஆனால் தேடுவதற்கு ஓர் அடையாளம் வேண்டும்: 9, 22 குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டதால் வரும் BCR-ABL மரபணு, அல்லது என்பிஎம்1 மரபணுவில் மாற்றம், இப்படி ஏதாவது. டிஎன்ஏவை எழுத்தெழுத்தாகப் படிக்கும் அடுத்த தலைமுறை வரிசையாக்கம் பத்து லட்சத்தில் ஒன்றையும் எட்டும். அதற்குப் பல லட்சம் அணுக்களின் டிஎன்ஏ கையில் இருக்க வேண்டும். அதனால்தான் மஜ்ஜை எடுக்கும்போது ஊசியின் முதல் இழுப்பை இந்தச் சோதனைக்கே கேட்கிறோம். இரண்டாவது, மூன்றாவது இழுப்பில் ரத்தம் கலந்து நீர்த்துப்போய்விடும், இருப்பதும் இல்லாதது போல் ஆகிவிடும்.

ஆக 'நெகட்டிவ்' என்றால் நோய் இல்லை என்று பொருள் கிடையாது. இந்தக் கருவி, இந்த மாதிரி, இந்த எல்லை, அதற்குள் தெரியவில்லை, அவ்வளவுதான். வார்டில் மகள் அம்மாவிடம் "நெகட்டிவாம்மா, எல்லாம் போயிடுச்சு" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அந்தச் சந்தோஷத்தை யாரும் குலைக்க வேண்டாம், ஆனால் மூன்று மாதம் கழித்து 0.02 சதவீதம் என்று தாள் வந்தால் ஏமாற்றிவிட்டார்கள் என்று அந்தக் குடும்பம் நினைக்கக்கூடாது. இது எனக்கு முக்கியம்.

அதனால் என் பரிந்துரை: எஞ்சுநோய். ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. எஞ்சிய நோய், எஞ்சுகிற நோய், எஞ்சும் நோய் மூன்றும் அதற்குள் அடங்கும், நோயின் இயல்பும் அதுதானே. 'அளவிடத்தக்க' என்பதைப் பெயரோடு கட்டிச் சொல்லை நீட்ட வேண்டாம், முடிவு எழுதும் இடத்தில் வைப்போம்: 'எஞ்சுநோய் அளவு 0.02%'. நெகட்டிவுக்கு 'எஞ்சுநோய் பிடிபடவில்லை. சோதனையின் எல்லை 10,000இல் 1'. எல்லையைச் சொல்லாமல் 'பிடிபடவில்லை' என்று மட்டும் எங்கேயும் அச்சிடக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன்.

> நம் மக்களுக்கு எம்.ஆர்.டி. என்றாலே தெரியுமே, தமிழ் எதற்கு?

எழுத்து மூன்றும் தெரியும் அக்கா, உண்மைதான். இந்த ஊரில் தெரியாமல் எப்படி இருக்கும்? மலேசியாவும் சிங்கப்பூரும் சேர்ந்து நடத்திய மா-ஸ்போர் 2003 ஆய்வில், ஏ.எல்.எல். என்ற ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு எவ்வளவு கடுமையான சிகிச்சை என்பதையே இந்த அளவை வைத்துத்தான் பிரித்தார்கள். ஆனால் அந்த மூன்று எழுத்துக்குள் என்ன இருக்கிறது என்று பாட்டிக்கு யார் சொல்வது? எஞ்சுநோய் என்றால் பாதி விளக்கம் சொல்லிலேயே வந்துவிடும். அடைப்புக்குறியில் எம்.ஆர்.டி. என்றும் போடுவோம், மருத்துவரிடம் கேட்க அதுவும் வேண்டும்.

அப்புறம், கைமெரிசம் சோதனையை இதோடு குழப்பிக்கொண்டு இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். அது நோயைத் தேடுவதில்லை. ரத்தத்தில் எத்தனை பங்கு கொடையாளருடையது, எத்தனை பங்கு நோயாளியுடையது என்று டிஎன்ஏவில் ஆளுக்கு ஆள் மாறும் சிறு தொடர்களை வைத்துக் கணக்கிடுவது. அண்ணன் தங்கைக்குக் கொடுத்திருந்தால் ஒய் குரோமோசோமை வைத்தே பார்க்கலாம். நோயாளியின் பங்கு மெல்ல ஏறினால் எச்சரிக்கை, ஆனால் ஏறுவது பழைய நல்ல அணுவாகவும் இருக்கலாம். இதற்குக் 'கொடையணுப் பங்கு' என்று வைக்கலாம் என்று தோன்றுகிறது. 'கைமெரா'வை அப்படியே பெயர்த்து 'கலப்புயிரி' என்பது வேண்டாம், மனிதரைப் போய் அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒரு சந்தேகம். இங்கே சினை முட்டை தானம் பற்றிய தாள்களிலும் 'கொடையணு' என்று யாராவது பயன்படுத்துகிறார்களா? அப்படி இருந்தால் 'கொடையாளர் அணுப் பங்கு' என்று விரித்துவிடலாம். மொழிபெயர்ப்புப் பணியில் இருப்பவர்கள் பார்த்துச் சொல்லுங்கள், கையேடு அச்சுக்குப் போகும் முன் திருத்திவிடுகிறேன்.