‘ஆக்குபேஷன் கோட்’: தொழில் குறியீடா, பணிவகைக் குறியெண்ணா?

அன்புடையீர், வணக்கம்.

பணிவிளக்கப் படிவங்களில், ஒருவர் செய்யும் வேலை எந்த வகையைச் சேர்ந்தது என்பதை எண்ணால் குறிக்கும் ‘ஆக்குபேஷன் கோட்’ என்ற கட்டத்துக்குத் தமிழில் என்ன தலைப்பு இடலாம் என்ற கேள்விக்கு இதுவரை ‘தொழில் குறியீடு’, ‘தொழில் வகைப்பாட்டுக் குறியீடு’, ‘பதவிக் குறியீடு’ என மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. மூன்றையும் ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. ‘பணிவகைக் குறியெண்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

முதலில் கருத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். வேலைகளை வகைபிரித்து எண் தரும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் வகைப்பாடு 1958இல் முதன்முதலாக வெளியாகி, இப்போது 2008ஆம் ஆண்டுப் பதிப்பாகப் புழக்கத்தில் உள்ளது. அதன்படி, ஒருவர் செய்கிற அல்லது ஒருவர் செய்வதற்கென்று வகுக்கப்பட்ட வேலைகளும் கடமைகளும் சேர்ந்தது ‘ஜாப்’. முதன்மையான வேலைகளாலும் கடமைகளாலும் தம்முள் பெரிதும் ஒத்திருக்கும் ஜாப்களின் தொகுதி ‘ஆக்குபேஷன்’. முன்னதைப் ‘பணி’ என்று கொண்டால், பின்னது ‘பணிவகை’ என்று தானாகவே அமைந்துவிடுகிறது. வரையறை முழுவதும் அந்தக் கூட்டுச் சொல்லுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ‘பணிவிளக்கம்’ என்ற ஆவணத்தின் பெயரோடும் அது பொருந்துகிறது.

‘தொழில்’ என்ற சொல்லை நான் தவிர்ப்பதற்குக் காரணம், அது கடலின் இரு கரைகளிலும் இரு வேறு பொருளில் வழங்குவதுதான். தமிழ்நாட்டு அரசில் தொழில்துறை என்றால் ஆலைகளையும் முதலீட்டையும் கவனிக்கும் துறை. உழைப்பவர் நலனைப் பார்ப்பது தொழிலாளர் துறை. இலங்கையிலோ உழைப்பவர் விவகாரங்களைப் பார்ப்பதே தொழில் திணைக்களம். ஆலைகளுக்கு அங்கே ‘கைத்தொழில்’ என்ற சொல் உண்டு, அந்தச் சொல் தமிழ்நாட்டில் பாய் முடைதல், கூடை பின்னுதல் போன்றவற்றைக் குறிக்கிறது. ‘தொழில் குறியீடு’ என்று அச்சிட்ட ஒரே படிவத்தை யாழ்ப்பாணத்திலும் கோயம்புத்தூரிலும் கொடுத்தால், முன்னவர் தாம் பார்க்கும் வேலையை எழுதுவார், பின்னவர் தம் நிறுவனம் எதை உற்பத்தி செய்கிறது என்று எழுதக்கூடும்.

இது வெறும் ஐயமன்று. சிறு நிறுவனங்களுக்கான இந்திய அரசின் ‘உத்யம்’ பதிவில் சிறுதொழில் முனைவோர் நிரப்பும் ஐந்திலக்க எண், நிறுவனம் செய்யும் வணிகத்தை வகைப்படுத்தும் எண். ஊழியர் செய்யும் வேலைக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதையும் நம்மவர்கள் ‘தொழில் குறியீடு’ என்றே எழுதிவருகிறார்கள். ஒரு மருத்துவமனையில் கார் ஓட்டுபவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய பணிவகை பன்னாட்டு வகைப்பாட்டில் 8322, அதாவது கார், வேன் ஓட்டுநர். அவர் வேலை செய்யும் நிறுவனம் சார்ந்த துறை, மற்றொரு பன்னாட்டு வகைப்பாட்டில் 8610, அதாவது மருத்துவமனைச் செயல்பாடுகள். இரண்டும் நான்கிலக்க எண்கள், இரண்டும் எட்டில் தொடங்குகின்றன. தலைப்பும் ஒன்றாக இருந்தால், எந்த எண் எந்தக் கட்டத்துக்கு உரியது என்று மனிதவளப் பிரிவினர் எப்படிப் பிரித்தறிவார்கள்? முன்னதற்குப் ‘பணிவகைக் குறியெண்’, பின்னதற்குத் ‘தொழில்துறைக் குறியெண்’ என்று வைத்துக்கொண்டால் குழப்பத்துக்கு இடமில்லை.

‘பதவிக் குறியீடு’ இதைவிடவும் பொருந்தாது. இந்த வகைப்பாடுகள் பதவிப்பெயரை நம்பி எழுந்தவை அல்ல. செய்யும் வேலையையும் அதற்கு வேண்டிய திறனையும் கொண்டு எழுந்தவை. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் தையல் எந்திரத்தில் உட்காரும் எல்லோரும் ‘டெய்லர்’தான். ஆனால் அளவெடுத்து, துணி வெட்டி, முழு ஆடையாகத் தைத்து முடிப்பவருக்கு உரிய எண் 7531. ஓவர்லாக் எந்திரத்தில் அமர்ந்து நாள் முழுவதும் ஒரே தையலைப் போடுபவருக்கு 8153, தையல் எந்திர இயக்குநர். ஓவர்லாக்கில் அமரும் டெய்லர் இரண்டாவது எண்ணுக்குத்தான் உரியவர், பெயரை மட்டும் பார்த்தால் முதலாவது எண் விழுந்துவிடும். கட்டிங் மாஸ்டருக்கு 7532, செக்கிங் பார்ப்பவருக்கு 7543, கையால் பேக்கிங் செய்பவருக்கு 9321. ஏழிலிருந்து எட்டுக்குப் போனால் மதிப்புக் குறைந்துவிட்டது என்று எண்ணுபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் எண்ணின் முதல் இலக்கம் காட்டுவது பெரும்பிரிவைத்தான்; 4 முதல் 8 வரையிலான ஐந்து பெரும்பிரிவுகளும் ஒரே திறன் நிலையில், இரண்டாம் நிலையில், வைக்கப்பட்டவை. ‘பதவி’ என்ற சொல்லை உள்ளே விட்டால் இந்த ஏற்றத்தாழ்வு எண்ணம் வலுப்படவே செய்யும்.

‘பணி’ என்றால் சம்பளத்துக்குச் செய்யும் வேலை என்றாகிவிடும், சொந்த நிலத்தில் உழுபவரும் சொந்தத் தறியில் நெய்பவரும் அதில் அடங்குவார்களா என்ற மறுப்பு எழலாம். நியாயமான மறுப்புதான். தமிழ்நாட்டில் ‘பணி நியமனம்’, ‘பணிமூப்பு’ என்று அரசு அலுவலக வாடை இந்தச் சொல்லில் சற்று ஏறித்தான் இருக்கிறது. ஆயினும் உழவுப்பணி, நெசவுப்பணி, மருத்துவப்பணி என்று இயல்பாகவே எழுதுகிறோம். அங்கே முதலாளி யார் என்று எவரும் கேட்பதில்லை. ‘வேலைவகை’ என்றும் சொல்லலாம், பொருளில் குறையில்லை. ஆனால் ‘என்ன வகையான வேலை, நிரந்தரமா, ஒப்பந்தமா’ என்ற கேள்வியோடு அது கலந்துவிடும் என்று அஞ்சுகிறேன்.

‘குறியீடு’ என்பதற்கு மாற்றாகக் ‘குறியெண்’ என்றதற்கும் காரணம் உண்டு. கணிதச் சின்னம், இலக்கிய உத்தி, கணினி நிரலின் வரி என எல்லாவற்றுக்கும் குறியீடு என்று சொல்லி அந்தச் சொல்லைக் களைக்க வைத்துவிட்டோம். இங்கே நாம் பேசுவது இலக்கங்களால் ஆனது. எனினும் இது அளவைச் சொல்லும் எண்ணும் அன்று. இடமிருந்து ஒவ்வோர் இலக்கமாகப் படிக்க வேண்டியது. 8 என்றால் எந்திரம் இயக்குவோரும் பொருத்துவோரும்; 81 என்றால் நிலையான எந்திரங்களை இயக்குவோர்; 815 என்றால் துணி, உரோமம், தோல் பொருள் எந்திரங்கள்; 8153 என்றால் தையல் எந்திரம். இந்தியாவின் 2015ஆம் ஆண்டு வகைப்பாடு எட்டு இலக்கம் வரை போகிறது. அதன் முதல் நான்கு இலக்கங்கள் பன்னாட்டு எண்ணைத் தழுவியவை.

பன்னாட்டு எண்ணின் இந்த நான்கு படிகளுக்கும் பெயர் வேண்டும். இரண்டாம் படியான ‘சப்-மேஜர் குரூப்’ என்பதற்குத் ‘துணைப் பெருங்குழு’ என்பது போன்ற நேர்பெயர்ப்புகள் நாவில் நிற்பதில்லை; பெரியதா துணையா என்றே விளங்குவதில்லை. பெரும்பிரிவு, பிரிவு, குழு, அடிக்குழு என்று எளிமையாக வைத்துக்கொள்ளலாம். பன்னாட்டு வகைப்பாட்டில் 10 பெரும்பிரிவுகள், 43 பிரிவுகள், 130 குழுக்கள், 436 அடிக்குழுக்கள் உள்ளன. ‘அடிக்குழு’ தாழ்வாக ஒலிக்கிறது என்று எவரேனும் கருதினால் வேறொன்று சொல்லுங்கள். எனக்கும் அதில் முழு நிறைவில்லை.

படிவத்தில் எண்ணை மட்டும் எழுதுவது போதாது, வகைப்பாட்டின் பெயரும் பதிப்பு ஆண்டும் உடன் வர வேண்டும். பிரிட்டனின் பணிவகை வகைப்பாட்டில், 2010ஆம் ஆண்டுப் பதிப்பில் மென்பொருள் உருவாக்குநருக்கு 2136 என்றிருந்தது, 2020ஆம் ஆண்டுப் பதிப்பில் 2134 ஆகிவிட்டது. அந்நாட்டுத் திறன்பணியாளர் விசா 2024 ஏப்ரல் முதல் புதிய பதிப்பைப் பின்பற்றுகிறது. கனடாவின் வகைப்பாட்டில் மென்பொருள் பொறியாளரின் 2173 என்ற எண், ஐந்திலக்கமாகி 21231 ஆயிற்று. புள்ளிவிவரம் திரட்டுவதற்கென்று எழுந்த எண்கள் இன்று குடியேற்ற அலுவலர் மேசையிலும் பார்க்கப்படுவதால், ஆண்டு எழுதாத எண்ணால் விண்ணப்பம் சிக்கலுக்கு உள்ளாகலாம்.

இறுதியாக, ஒன்பதில் முடியும் எண்களைப் பற்றி. வேறெந்த அடிக்குழுவிலும் சேராதவற்றை இந்த வகைப்பாடுகள் பெரும்பாலும் ஒன்பதில் கொண்டுபோய் அடைக்கின்றன. இவற்றுக்குப் ‘பிறவிடத்து அடங்காதவை’ என்ற தொடரைப் பரிந்துரைக்கிறேன். பனியன் கம்பெனிக் ‘கைமடி’ ஆள் பெரும்பாலும் 9329இல், பிறவிடத்து அடங்காத உற்பத்தி உதவியாளராகத்தான் வருவார். டெய்லருக்குத் துணி எடுத்துக் கொடுக்கிறாரா, தைத்ததை மடித்து அடுக்குகிறாரா, நூல் பிசிறு வெட்டுகிறாரா என்பது அந்த எண்ணிலிருந்து தெரியாது. ஆகவே அத்தகைய எண்ணை இடும் பணிவிளக்கத்தில் கடமைகள் பகுதியை ஒற்றை வரியில் முடித்துவிடக் கூடாது என்ற குறிப்பையும் இந்தச் சொல்லுக்கான கலைச்சொல் பதிவில் சேர்க்க வேண்டும்.