பட்டர்வொர்த் தளத்தில் காவல் நின்றவர்களுக்குப் போர்ப் பதக்கமா?

செந்தூல் மைந்தன்:
வாட்ஸ்அப் குழு ஒன்றில் நேற்று ஒருவர் எழுதியதைப் படித்து எரிச்சலடைந்ததால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். 1970 முதல் 1989 வரை மலேசியாவின் பினாங்கு மாநிலத்திலுள்ள பட்டர்வொர்த் விமானத் தளத்துக்கு முறைவைத்து வந்து காவல் காத்த ஆஸ்திரேலியக் காலாட்படைக் கம்பெனியின் முன்னாள் வீரர்கள், தங்கள் பணிப்பதிவில் 'அமைதிக்காலப் பணி' என்றிருப்பதைத் திருத்திப் 'போர்நிகர் பணி' என்று எழுதும்படி கான்பெராவிடம் பல ஆண்டுகளாக மன்றாடி வருகிறார்கள். 'தென்கிழக்கு ஆசியா' என்று பொறித்த பட்டையுடன் ஆஸ்திரேலியச் சேவைப் பதக்கம் அவர்களுக்கு ஏற்கெனவே உண்டு. அவர்கள் கேட்பது களப்பணிக்குரிய பதக்கம். இதற்கு நம் குழுவில் ஒருவர், "பினாங்கில் கடற்கரையும் பீரும்தான் இருந்தன, போர் எங்கே இருந்தது?" என்று எழுதுகிறார். 1974 ஜூனில் இதே கோலாலம்பூரில் ஆயுதமேந்திய கம்யூனிஸ்டுகள் நாட்டின் போலீஸ் படைத் தலைவரையே சுட்டுக் கொன்றார்கள். 1975 ஆகஸ்டில் தேசிய நினைவுச்சின்னத்துக்கே குண்டு வைத்தார்கள். அதையெல்லாம் அமைதிக்காலம் என்று சொல்பவர்கள் அந்தக் காலத்தில் எங்கே இருந்தார்கள்?

கிரிக் காட்டுச் சிப்பாய்:
செந்தூல் ஐயா, அந்தக் காலத்தில் நான் எங்கே இருந்தேன் என்பதை என் பெயரே சொல்லும். அதனால் எனக்கு வரலாற்றுப் பாடம் தேவையில்லை. என்னுடைய கேள்வி ஒன்றே ஒன்று. அந்த ஆஸ்திரேலியர்கள் விமானத் தளத்தின் வேலியைத் தாண்டி ஒரு நாளாவது எதிரியைத் தேடிப் போனார்களா? ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லுங்கள், பிறகு பதக்கத்தைப் பற்றிப் பேசலாம்.

தெலுக் ஆயர் தாவார்க்காரன்:
தளத்தின் வாசலில் பிறந்து வளர்ந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். என் அப்பா அங்கே லாரி ஓட்டினார். இரவில் ஓடுபாதையின் ஓரத்தில் மணல் மூட்டைகளுக்குப் பின்னால் அவர்கள் விழித்துக் கிடந்ததையும், துப்பாக்கியில் உண்மையான தோட்டா இருந்ததையும், எச்சரிக்கை மணி அடித்தால் சில நிமிடங்களுக்குள் ஒரு குழு வண்டியில் ஏறிப் பாய்ந்ததையும் அப்பா வீட்டில் பலமுறை சொல்லியிருக்கிறார். ஓடுபாதை அருகே மீராஜ் போர் விமானங்கள் வரிசையாக நின்றன. அவற்றில் ஒன்றைக் கொளுத்தியிருந்தால் உலகச் செய்தியாகியிருக்கும். வேலிக்கு உள்ளே நின்று காத்தாலும் காவல் காவல்தான்.

கிரிக் காட்டுச் சிப்பாய்:
தம்பி, உங்கள் அப்பா லாரி ஓட்டியதை நான் மறுக்கவில்லை. உண்மையான தோட்டா இருந்தது என்கிறீர்கள். வங்கி வாசலில் நிற்கும் காவலாளியிடமும்தான் உண்மையான தோட்டா இருக்கிறது. வேலியைத் தாண்டினார்களா என்ற கேள்விக்கு நீங்களும் பதில் சொல்லாமல் கடந்து போய்விட்டீர்கள்.

ஆவண வாசகர்:
உணர்ச்சியை ஒதுக்கிவிட்டு ஆவணத்துக்கு வருவோம். 1970 மார்ச் மாத இறுதியில் தளம் மலேசியாவின் கைக்கு வந்தது. அதன் பிறகும் ஆஸ்திரேலிய விமானங்கள் அங்கேயே இருந்ததால், அவற்றைக் காக்கச் சிங்கப்பூரில் இருந்த படையிலிருந்து ஒரு கம்பெனியை அனுப்பினார்கள். 1973-இல் சிங்கப்பூரிலிருந்து தங்கள் பட்டாளத்தைத் திரும்ப அழைக்க முடிவு செய்தபோது, அந்தக் கம்பெனியை நேரடியாக ஆஸ்திரேலியாவிலிருந்தே முறைவைத்து அனுப்புவது என்றும், வெளியே கேட்டால் பயிற்சிக்காக என்று சொல்லிக்கொள்ளலாம் என்றும் அவர்களுடைய பாதுகாப்புக் குழுவின் குறிப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆகவே பயிற்சி என்பது வெளியுலகத்துக்குச் சொன்ன காரணம், காவலே உண்மையான காரணம். மேலும், போர்நிகர் பணி என்பதற்கு அவர்களுடைய வரையறை, படைபலத்தைப் பயன்படுத்த அனுமதி இருந்ததா, உயிர்ச்சேதம் எதிர்பார்க்கப்பட்டதா என்பதைத்தான் கேட்கிறது. வேலியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

கிரிக் காட்டுச் சிப்பாய்:
ஆவண ஐயா, வரையறையைக் கான்பெராவில் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எழுதினார்கள், அது எனக்கு வேண்டாம். காட்டில் வரையறை கிடையாது. 1968 ஜூன் 17-ஆம் தேதி குரோ–பெத்தோங் சாலையில் நம் பாதுகாப்புப் படையினர் 17 பேரைப் பதுங்கியிருந்து கொன்றார்களே, அவர்கள் வேலிக்கு உள்ளே இருந்தார்களா, வெளியே இருந்தார்களா? 1976-இல் கெடாவில், குபீரில் நூரி ஹெலிகாப்டரைச் சுட்டு வீழ்த்தினார்களே, அது வேலிக்கு உள்ளே பறந்ததா? உள்நாட்டுப் பாதுகாப்பு வேலையில் ஆஸ்திரேலியச் சிப்பாய் தலையிடக் கூடாது என்பதே அன்றைய ஏற்பாடு. அவனுக்குக் கட்டளை கொடுத்தவனே வெளியே போகாதே என்று சொல்லியிருக்கும்போது, போருக்குப் போனேன் என்று ஐம்பது வருடம் கழித்துச் சொல்வது எப்படிப் பொருந்தும்?

ஆயர் ஈத்தாம் வாசகி:
இங்கே யாரும் பேசாத ஒன்றைச் சொல்கிறேன். என் அம்மா தஞ்சோங் பூங்காவில் ஓர் ஆஸ்திரேலிய விமானப்படைக் குடும்பத்தின் வீட்டில் ஆமாவாக, அதாவது வீட்டுப் பணிப்பெண்ணாக, வேலை செய்தார். துணி துவைத்து, சமைத்து, அவர்கள் பிள்ளைகளை இடுப்பில் சுமந்து வளர்த்தார். போர்க்களம் என்று நினைத்த இடத்துக்கு எந்த அரசாங்கமாவது தன் ஆட்களின் மனைவி மக்களைக் கூட்டிக்கொண்டு வருமா? என் அம்மாவின் கையில் இருந்த அந்தக் குழந்தைகளே இது போர்க்களமில்லை என்பதற்குச் சாட்சி.

செந்தூல் மைந்தன்:
அக்கா, விமானப்படைக் குடும்பங்கள் வேறு, மூன்று மாத முறைக்கு வந்து போன காலாட்படைக் கம்பெனி வேறு. கம்பெனியில் வந்தவர்கள் குடும்பத்தோடு வரவில்லை. அது போகட்டும், 1948 முதல் 1960 வரை கம்யூனிஸ்ட் கிளர்ச்சி நடந்த அவசர காலத்தில் துரைமார் பங்களாவில் மனைவி மக்கள் இருக்கவில்லையா? தோட்டத்து லயத்தில் நம் தாத்தா பாட்டி பிள்ளை பெறவில்லையா? அதனால் அவசர காலம் அமைதிக்காலம் ஆகிவிடுமா? 1975-இல் சுங்கை பெசி விமானத் தளத்தின்மீது ராக்கெட் விட்டார்கள். ஒரு விமானத் தளத்தைத் தாக்கியவன் இன்னொரு விமானத் தளத்தைத் தாக்க மாட்டான் என்று அன்றைக்கு யார் உத்தரவாதம் கொடுத்தார்கள்?

கிரிக் காட்டுச் சிப்பாய்:
சுங்கை பெசியில் விழுந்தது சுங்கை பெசியில் விழுந்தது. பட்டர்வொர்த்தில் எத்தனை விழுந்தது? வேலிக்கு உள்ளே எத்தனை ஆஸ்திரேலியர் எதிரியின் தோட்டாவால் செத்தார்கள்? ஒருவர்கூட இல்லை. தாக்குவான் என்று எதிர்பார்த்துத் தூங்காமல் இருந்ததற்கெல்லாம் போர்ப் பதக்கம் என்றால், அதே 1975-இல் தொடங்கிய ருக்குன் தெத்தாங்கா என்ற அக்கம்பக்கக் காவலில் கையில் டார்ச்சும் தடியுமாக இரவெல்லாம் சுற்றிய ஒவ்வொரு பினாங்குக் குடும்பத் தலைவனுக்கும் ஒன்று குத்த வேண்டும்.

தெலுக் ஆயர் தாவார்க்காரன்:
தாக்குதல் நடக்காமல் போனது காவல் இருந்ததால்தான் என்று ஏன் நினைக்க மறுக்கிறீர்கள்? பூட்டிய வீட்டில் திருட்டுப் போகவில்லை என்பதற்காகப் பூட்டே வீண் என்று சொல்வீர்களா? இன்னொன்று, செந்தூலில் இருப்பவரும் கிரிக்கில் இருந்தவரும் எங்கள் ஊர்த் தளத்தைப் பற்றித் தீர்ப்பு எழுதுகிறீர்கள். பாகானில், அதாவது பட்டர்வொர்த்தில், இருந்தவர்களுக்கு அந்தப் பயம் தெரியும்.

செந்தூல் மைந்தன்:
நான் உங்கள் பக்கம் நின்று பேசிக்கொண்டிருக்கும்போது என்னையே ஊர் சொல்லித் தள்ளுகிறீர்கள். போலீஸ் படைத் தலைவர் விழுந்தது என் ஊரில். பயத்தைப் பற்றிக் கோலாலம்பூர்க்காரனுக்குப் பாகான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

தெலுக் ஆயர் தாவார்க்காரன்:
தலைநகர்க்காரர்களுக்கு எப்போதும் எல்லாம் தங்கள் ஊரில்தான் நடந்திருக்க வேண்டும்.

எஸ்.சி. மகன்:
ஆஸ்திரேலியனுக்காக இரண்டு தமிழர்கள் சண்டை போடுவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை. என் அப்பா அவசர காலத்தில் தோட்டத்தில் எஸ்.சி., அதாவது சிறப்புக் காவலராக (Special Constable) இருந்தவர். அப்படி ஏறத்தாழ 40,000 பேர் இருந்தார்கள், அவர்களில் நம்மவர்களும் உண்டு. பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டப் போகிறவர்களுக்கு முன்னால் இருட்டில் துப்பாக்கியோடு நடந்தார்கள். அவர்களைப் பற்றி இந்த இழையில் ஒரு வரி இல்லை. நம் அரசாங்கம் காமன்வெல்த் வீரர்களுக்கென்று 'பிங்காட் ஜாசா மலேசியா' பதக்கம் கொடுத்தபோது அதை 1957-க்கும் 1966-க்கும் இடைப்பட்ட பணியோடு நிறுத்திக்கொண்டது. பிரிட்டிஷ் அரசாங்கம் அதை வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அணியக் கூடாது என்று 2006-இல் தன் சொந்த வீரர்களிடம் சொல்லி, 2011-இல்தான் அணிய அனுமதித்தது. வெள்ளைக்காரன் தன் ஆளுக்கே இப்படிச் செய்தான் என்றால் நாம் ஏன் அவன் பதக்கத்துக்காகப் பேசி நேரத்தை வீணாக்க வேண்டும்?

ஆவண வாசகர்:
எஸ்.சி. மகன் அவர்களே, நீங்கள் சொன்னதே இதற்குள் வருகிறது. நாம் கொடுத்த பதக்கம் 1966-உடன் நின்றுவிட்டதால், 1970-க்குப் பின் பட்டர்வொர்த்தில் நின்றவர்களுக்கு மலேசியாவிடமிருந்தும் எதுவும் இல்லை, அவர்கள் நாட்டிலிருந்தும் முழுமையாக இல்லை. 1968-இல் தொடங்கி, 1989 டிசம்பர் 2-ஆம் தேதி கம்யூனிஸ்டுகளோடு செய்த ஹாட்யாய் அமைதி ஒப்பந்தம் வரை இங்கே ஓர் ஆயுதப் போராட்டம் நடந்ததாக மலேசியாவே சொல்கிறது. ஆஸ்திரேலியப் பதிவேட்டிலோ அதே ஆண்டுகள் அமைதிக்காலம். கோரிக்கையை ஆராய்ந்த அவர்களுடைய பதக்கத் தீர்ப்பாயமும் மாற்றம் தேவையில்லை என்று முன்பு ஒருமுறை பரிந்துரைத்துவிட்டது. இதில் பதக்கம் மட்டும் இல்லை. போர்நிகர் பணி என்று பதிவு மாறினால், எழுபது வயதில் முழு மருத்துவச் செலவையும் ஏற்கும் அட்டைக்கும் தகுதி வருகிறது. மறுப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் கருத்து.

கிரிக் காட்டுச் சிப்பாய்:
அப்படி வாருங்கள். பதக்கம் என்று தொடங்கியது பணத்தில் வந்து நிற்கிறது. இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள். கிழக்கு–மேற்கு நெடுஞ்சாலையைப் போட்டபோது கிரிக்குக்கும் ஜெலிக்கும் நடுவே, மண்வெட்டும் இயந்திரங்களுக்குக் காவல் நின்ற படையில் நான் இருந்தேன். 1982-இல் திறந்த அந்தச் சாலையில் நீங்கள் எல்லாரும் காரில் போய்ப் படம் எடுத்துப் போடுகிறீர்கள். எனக்கு முன்னால் நடந்தவனின் பாதம் கண்ணிவெடியில் போனது. அவனைத் துணிப் படுக்கையில் தூக்கிக்கொண்டு ஹெலிகாப்டர் இறங்கக்கூடிய இடம் வரை மழையில் நடந்தோம். என் சேவைப் புத்தகத்தைத் திறந்தால் அந்த வருடத்துப் பக்கத்தில் முகாமின் பெயர் ரப்பர் முத்திரையாக விழுந்திருக்கிறது. செயற்பாட்டுப் பகுதி என்ற கட்டத்தில் யாரோ பென்சிலால் எழுதி, பிறகு அழித்த தடம் மட்டும் இருக்கிறது. திருத்தித் தரும்படி எழுதினேன். பதிவில் இல்லாததைத் தர இயலாது என்று பதில் வந்தது. எந்த அலுவலகம் என்று இங்கே எழுத மாட்டேன். அந்தக் கட்டம் காலியாக இருப்பதால் களப்பணிக்குரிய பதக்கம் எனக்கு இல்லை. 21 வருடம் முடிக்காததால் ஓய்வூதியமும் இல்லை. வேலிக்கு வெளியே போனவன் நான். வேலிக்கு உள்ளே இருந்தவனுக்காக நீங்கள் மனு எழுதுகிறீர்கள்.

ஆயர் ஈத்தாம் வாசகி:
ஐயா, உங்கள் துயரம் எனக்குப் புரிகிறது. ஆனால் உங்களுக்குக் கிடைக்கவில்லை என்பது அவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்பதற்குக் காரணமாகாது. அவர்களுக்கு வேண்டாம் என்று நான் சொல்வது என் அம்மா பார்த்ததை வைத்து.

கிரிக் காட்டுச் சிப்பாய்:
அம்மா, காரணமாகும். பதிவேடு என்பது எல்லாருக்கும் ஒன்றுபோல இருக்க வேண்டும். எழுத்தில் இல்லை என்று எனக்கு மறுத்த உலகம், எழுத்தையே மாற்று என்று கேட்கிறவனுக்கு மட்டும் ஏன் இரங்க வேண்டும்?

ஆவண வாசகர்:
சிப்பாய் ஐயா, எழுத்தில் உள்ளது தவறாக இருக்கலாம் என்பதற்கு உங்கள் சேவைப் புத்தகத்தைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. தவறான பதிவு ஒரு மனிதனை என்ன செய்யும் என்று இந்த இழையில் நன்றாக அறிந்தவர் நீங்கள் ஒருவர்தான். அப்படியிருந்தும், பதிவைத் திருத்தக் கேட்பவர்களை எல்லாரையும்விடக் கடுமையாக எதிர்ப்பவரும் நீங்களாகவே இருக்கிறீர்கள்.

கிரிக் காட்டுச் சிப்பாய்:
என் சேவைப் புத்தகத்தை எனக்கு எதிராகவே எடுக்காதீர்கள், அந்த உரிமை உங்களுக்கு இல்லை. என் பதிவில் இருப்பது பொய், ஏனென்றால் நான் காட்டில் இருந்தேன். அவர்கள் பதிவில் இருப்பது உண்மை, ஏனென்றால் அவர்கள் தளத்தில் இருந்தார்கள். இரண்டையும் ஒன்றாக்குவது பாதம் போனவனுக்குச் செய்கிற அவமானம்.

செந்தூல் மைந்தன்:
பாதம் போனவரை யாரும் அவமானப்படுத்தவில்லை. தளத்தில் இருந்தது உண்மை, தளம் ஆபத்தில் இருந்ததும் உண்மை. இரண்டாவது உண்மைக்கு நீங்கள் இதுவரை பதிலே சொல்லவில்லை.

கிரிக் காட்டுச் சிப்பாய்:
என் முதல் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள், பிறகு உங்கள் இரண்டாவது உண்மைக்கு வருகிறேன்.

எஸ்.சி. மகன்:
சிறப்புக் காவலர்களைப் பற்றித் தனி இழை தொடங்குகிறேன். அப்பா, தாத்தாவின் பணிச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் அங்கே வாருங்கள்.

தெலுக் ஆயர் தாவார்க்காரன்:
வருகிறேன். ஆனால் தளத்தில் வேலை செய்த நம்மவர்களையும் அந்த இழையில் சேர்க்க வேண்டும். என் அப்பாவுக்கு ஒரு சான்றிதழும் கிடையாது.

எஸ்.சி. மகன்:
லாரி ஓட்டியதையும் துப்பாக்கி தூக்கியதையும் ஒரே இழையில் சேர்க்க முடியாது.

கிரிக் காட்டுச் சிப்பாய்:
சரியாகச் சொன்னீர்கள். நான் முதலிலிருந்தே சொல்வதும் அதுதான்.

தெலுக் ஆயர் தாவார்க்காரன்:
லாரி எங்கே போனது, யாரை ஏற்றிப் போனது என்று தெரியாமல் பேசாதீர்கள். அப்பாவோடு வேலை செய்த இரண்டு பேர் இன்னும் மாக் மண்டினில் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டு எழுதுகிறேன், அப்போதும் இதையே சொல்கிறீர்களா என்று பார்ப்போம்.