தெரு குரூப்: சென்னை மாநாட்டுக்குப் போற பிள்ளைகளுக்கு

சொக்கு அண்ணன்: மேயர்கள், இளைஞர்கள் மாநாட்டுக்குப் பேர் குடுத்த எட்டுப் பேரும் பாருங்க. நந்தம்பாக்கம் வர்த்தக மையத்துல காலை 9 மணிக்குப் பதிவு. ராத்திரி வண்டியில போய் இறங்கி நேரா ஓடலாம்னு நினைக்காதீங்க, வண்டி லேட்டானா பதிவு போச்சு. முதல் நாளே பல்லவன் ரயில்ல போயிருவோம்.

அழகு: எல்லாருக்கும் ஒரே டிக்கெட்டாண்ணே?

சொக்கு அண்ணன்: ஒரு டிக்கெட்ல 6 பேர்தான், தட்கல்னா 4. நானும் மீனா ஆச்சியும் சேர்ந்து 10 பேர். 5+5ஆப் போட்டு, ரெண்டுலயும் ஒரு பெரியாள். 60 நாளைக்கு முன்னாடி காலை 8 மணிக்கு ரிசர்வேஷன் திறக்கும், அன்னைக்கே போட்டுரணும். அஞ்சு பேரும் வெயிட்டிங் லிஸ்ட்லயே நின்னா, சார்ட் போட்டதும் ஆன்லைன் டிக்கெட் தானா கேன்சலாயிரும். அதைக் காட்டி ஏற முடியாது.

அழகு: எழும்பூர்னு போட்டுறவா?

சொக்கு அண்ணன்: தாம்பரம் போடு. அங்கேருந்து மின்சார ரயில்ல பரங்கிமலை, அப்புறம் ஆட்டோ. எழும்பூர் போனா வந்த வழியே தெக்க திரும்பணும். வரும்போது பல்லவன் கிடைக்காது, அது பிற்பகலே கிளம்பிரும். ராத்திரி வண்டிதான். அதுல ஏறுற இடமும் தாம்பரம்னு இருக்கணும். டிக்கெட்ல எழும்பூர்னு போட்டுட்டு தாம்பரத்துல ஏறினா, ஆள் வரலைன்னு சீட்டை டிடிஆர் வேற ஆளுக்குக் குடுத்துருவார்.

மீனா ஆச்சி: மாநாட்டுப் பதிவு பாரத்துல பேரை ஆதார்ல இருக்கிறபடியே அடிங்க. அழகம்மை, உன் ‘ழ’வுக்கு ஆதார்ல ‘எல்’லா, ‘இசட் எச்’சான்னு பார்த்துக்க. வாசல்ல அதைத்தான் ஒத்துப் பார்ப்பாக. ‘கடைசிப் பேர்’ கட்டம் ஒத்தை இனிஷியலை வாங்கலைன்னா அப்பச்சி பேரை முழுசாப் போடு. அட்டையில அவுக பேர் பெருசாத் தொங்கும், போகட்டும் 😄 18 ஆகாதவுக பெத்தவுக சம்மதக் கடிதம் ரெண்டு நகல் வச்சுக்கங்க.

தேனு: சாப்பாடு ஆச்சி?

மீனா ஆச்சி: மிளகாய்ப்பொடி தடவின இட்லி. தேங்காய்ச் சட்னி வேணாம், ஊசிப்போகும். கொறிக்க சீப்புச் சீடை.

தேனு: கேள்வி நேரத்துல நம்ம ஊருணி குப்பையைச் சொல்லலாமா?

சொக்கு அண்ணன்: வேற ஊர் மேயர் அதுக்கு என்ன செய்வார்? "உங்க கமிஷனர்கிட்ட மனு குடுங்க"ன்னுட்டு மைக்கை அடுத்த ஆளுக்குக் குடுத்துருவாக. அவுக ஊர்ல எப்படிச் செஞ்சாகன்னு கேளு. தூர் வார எந்த நிதி, ஊருணிக்குத் தண்ணி கொண்டு வர்ற வரத்துக்கால் ஆக்கிரமிப்பை எடுத்தது யாரு, அப்புறம் பராமரிக்கிறது யாரு. வரத்துக்காலை விட்டுட்டு ஊருணியை மட்டும் வாரினா மழைத்தண்ணி வந்து சேராது. ஜேசிபியை விட்டு ஆழமாத் தோண்டினாலும் கெடுதல், அடிக்களிமண் உடைஞ்சு நின்ன தண்ணியும் உள்ள இறங்கிரும். இதுல அவுக என்ன பாடுபட்டாகன்னு கேட்டா மேயரே நிமிர்ந்து உக்காருவார்.

மீனா ஆச்சி: ஒரு ஆளுக்கு ஒரு கேள்வி, ஒரு நிமிஷம். 2024ல நம்ம ஊர் மாநகராட்சியான கதையெல்லாம் முன்னுரையா வேணாம், அதுக்கே நிமிஷம் போயிரும். வார்டு மக்கள் கூடிப் பேசுற பகுதி சபையைப் பத்தி யாராவது ஒருத்தர் கேக்கணும். வருஷத்துக்கு எத்தனை தடவை கூட்டுறாக, தீர்மானம் மாமன்றத்துக்கு எப்படிப் போகுதுன்னு.

அழகு: அதை நான் கேக்குறேன் ஆச்சி.

சொக்கு அண்ணன்: தேனு, வரத்துக்கால் போட்டோ ரெண்டு வேணும். ஊருணி வாய்ல ஒண்ணு, அடைபட்ட இடத்துல ஒண்ணு. அச்சுப் போட்டே கொண்டு வா, போன்ல காட்டினா மேடைக்குத் தெரியாது.

தேனு: நாளைக்குக் காலையில எடுத்துர்றேண்ணே. ஆதார் நகல் எங்க குடுக்கணும்?

மீனா ஆச்சி: எங்க வீட்டு முகப்புல பெட்டி வச்சிருக்கேன். அதுல போட்டுட்டுப் போங்க.